வேண்டாத மீன்

எங்கள் ஏரியில் கெண்டைக்குத் தூண்டில் போடுகிறவர் முதலில் ஜிலேபிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரையை நீரில் இறக்கி, தக்கை நிமிர்ந்து நிற்பதற்குள் அது ஆடத் தொடங்கிவிடும். சின்னச் சின்னத் துடிப்புகள், யாரோ விரல் நுனியால் தட்டுவது போல. இழுத்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி முதுகு முட்களை விரித்துக்கொண்டு வரும். இழுக்காவிட்டால் இரை போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் கெண்டைக்கு அங்கே ஒன்றும் மிச்சமிராது.

நாங்கள் உடன்பிறந்தவர்கள் இருவர். இதை ஒருவர் எழுத மற்றவர் திருத்தியிருக்கிறோம். ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். மதுராந்தகத்துக்குத் தெற்கே, சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. 2021 ஐப்பசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்புறம் செயலிழந்ததோடு பேச்சும் போயிற்று. மூளையின் இடப்பாகம் பாதிக்கப்பட்டால் வலக்கையோடு மொழியும் போவது வழக்கம் என்று மருத்துவர் விளக்கினார். போன பேச்சில் சில சொற்கள் மட்டும் திரும்பி வந்தன. 'தண்ணி', 'வேணாம்', அம்மாவின் பெயர். அம்மா இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மார்கழி முடியும் தறுவாயில் ஒரு நாள், சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் இன்னொரு சொல்லைச் சொன்னார்: "கெண்டை."

சொல்லிவிட்டு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நாங்கள் 2022 தை முதல் ஞாயிறுதோறும் ஏரிக்குப் போனோம்.

அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். மற்ற நேரங்களில் தூண்டில்காரர். நாங்கள் சிறுவர்களாயிருந்தபோது அவர் ஒரு பெரிய கட்லாவைப் பிடித்தார். மூங்கில் கழியில் கோத்து, இரண்டு பேர் தோளில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. அதன் வால் தரையில் உரசிய சத்தம் எங்கள் இருவருக்கும் இன்றும் நினைவிருக்கிறது. அப்பா 'கெண்டை' என்று சொன்னதும் எங்கள் மனத்தில் எழுந்தது அந்த மீன்தான். வேறொன்றை நினைக்கக் காரணம் இருந்ததாக அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

'கெண்டை' பழைய சொல். சேல், கயல், கெண்டை என்று கண்ணுக்கு உவமை சொல்லியே தமிழ் இந்த இனத்தைக் கொண்டாடியிருக்கிறது. பாண்டியர் கொடியிலும் மீன்தான். ஆனால் உவமைக்கு வந்த கெண்டைகள் சிறியவை. ஆற்றிலும் வயல் வாய்க்காலிலும் வெள்ளியாகப் புரண்டவை. இன்று மீன்கடையில் கெண்டை என்று கிடைக்கும் கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் கங்கைச் சமவெளியின் பெருங்கெண்டைகள். அவை ஓடும் ஆற்றில் வெள்ளக் காலத்தில் முட்டையிடுபவை. தேங்கிய குளத்தில் இனம் பெருக்காதவை. அதனால் வடக்கே ஆறுகளில் மீன்குஞ்சுகளை அரித்தெடுத்துத்தான் குளங்களில் விட்டார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழி செலுத்திக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அதன் பிறகே இந்த மீன்கள் நாடெங்கும் உள்ள குளங்களுக்கும் ஏரிகளுக்கும் பெருமளவில் போய்ச் சேர்ந்தன. சாதா கெண்டை என்று நாம் சொல்வதோ இன்னும் தொலைவிலிருந்து வந்தது. அதன் ஜெர்மானிய வகை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. ஜிலேபி ஆப்பிரிக்க மீன்; இந்தியாவுக்கு வந்தது 1952-இல்.

ஆக, எங்கள் ஏரியில் நாங்கள் விரும்பியதும் வெளியூர் மீன், வெறுத்ததும் வெளியூர் மீன். குத்தகைக்காரர் இதையெல்லாம் பார்க்கவில்லை. ஊரில் மீன்பாசி குத்தகை எடுத்திருந்த அவர், அப்பாவை அறிந்தவர் என்பதால் எங்களுக்குத் தூண்டில் போட அனுமதி தந்தார். வாரம் ஒரு கெண்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: "ஜிலேபி மாட்டுனா மட்டும் திருப்பி வுட்றாதீங்க சார். என் தீவனத்தையெல்லாம் தின்னுட்டு, குட்டி போட்டுக்கினே கெடக்குது."

நிபந்தனையை நாங்கள் மகிழ்ச்சியோடு நிறைவேற்றினோம். வந்த ஜிலேபிகளைக் கரைமேல் எறிந்தோம். வெயிலில் அவை சிறிது நேரம் துள்ளும். நாங்கள் கிளம்பும்போது இருந்தவை அடுத்த வாரம் இருக்காது. நாயோ பருந்தோ கொண்டுபோயிருக்கும் என்று எண்ணிக்கொண்டோம்.

எங்களில் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில், கெண்டை பிடிப்பதைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பழைய புத்தகத்தை வாங்கி வைத்திருந்தார். அட்டை போனது. இங்கிலாந்தில் கெண்டை பிடிப்பது ஏறக்குறைய ஒரு சமயப் பிரிவு. 1952 செப்டம்பரில், ரெட்மையர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் 44 பவுண்டு எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். ஏறத்தாழ இருபது கிலோ. அது லண்டன் உயிரியல் பூங்காவின் தொட்டியில் 1971 வரை வாழ்ந்தது. அங்கே ஒரு குளத்துக் கெண்டை புகழ் பெற்ற அதே ஆண்டில்தான் இங்கே ஜிலேபி வந்து இறங்கியது என்பதை நாங்கள் பிற்பாடு கவனித்தோம். அவர்களுக்கும் தொல்லை மீன்கள் உண்டு. பிரீம், ரோச் என்று. அவற்றை விலக்கிக் கெண்டையை மட்டும் அழைப்பது எப்படி என்பதே அந்தப் புத்தகத்தின் பாதி. நாங்கள் அதை எங்கள் ஏரிக்குப் பெயர்த்துக்கொண்டோம்.

முதலில் மண்புழுவை விட்டோம். புழு எல்லோருக்கும் பொது. ஜிலேபி, கெளுத்தி, விரால் என எதுவும் வரும். மாவுருண்டைக்கு மாறினோம். மைதா, கடலைப் புண்ணாக்கு, தவிடு. முள்ளில் நிற்பதற்காக அப்பா அதில் சிறிது பஞ்சைச் சேர்த்துப் பிசைவார். நாங்களும் அப்படியே செய்தோம். ஜிலேபி அதையும் பஞ்சு மட்டும் மிஞ்சும்படி கொத்தி எடுத்தது. கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது; தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நத்தை ஓட்டையும் நொறுக்கிவிடும். ஜிலேபிக்கு உதட்டோரம் பொடிப் பற்கள் உண்டு. சுரண்டவும் கொத்தவும் ஏற்றவை. எனவே, கொத்த முடியாததாகவும் நொறுக்கக் கூடியதாகவும் ஓர் இரை வேண்டும். ஆங்கிலேயர் கண்ட வழி எளிமையானது. மாவில் முட்டை சேர்த்து உருட்டி, கொதிநீரில் சில நிமிடம் வேகவைத்து, நிழலில் உலர்த்துவது. மேலே தோல் கட்டிவிடும். அரைநெல்லிக்காய் அளவில் உருட்டினால் சிறு மீனின் வாய்க்குள் போகாது.

அதை முள்ளில் குத்துவதுமில்லை. முள்ளிலிருந்து மயிரிழை போன்ற ஒரு துண்டுத் தங்கூசியை நீட்டி, உருண்டையை அதில் கோக்கிறார்கள். கெண்டை இரையை உறிஞ்சிப் பார்க்கும். சந்தேகம் வந்தால் ஊதி வெளியே தள்ளும். தள்ளும்போது வெறும் முள் உதட்டில் ஏறிவிடும். 1980 வாக்கில் லென் மிடில்டன், கெவின் மாடக்ஸ் என்ற இருவர் உருவாக்கிய முறை இது. உள்ளூர்த் தங்கூசியில் அதை முடிச்சிடக் கற்க எங்களுக்கு மாசி முழுதும் ஆனது.

அடுத்தது இடம். ஜிலேபி கரையோரத்து மீன். நீர் வடியும்போது ஓரச் சேற்றில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரியும். ஆண் மீன்கள் இணைக்காகப் பறித்த படுக்கைகள். ஆகவே தொலைவில், ஏரிக்குள் பழைய ஓடை சென்ற பள்ளத்தில் இரையைப் போட்டோம். பிறகு நேரம். ஜிலேபி பகலில் கண்ணால் தேடித் தின்பது, இருட்டினால் அடங்கிவிடும். இரவில் கெளுத்தி வரும், ஆனால் கவிச்சி இல்லாத இரையை அது அவ்வளவாகத் தேடி வருவதில்லை. ஆகவே சனி இரவே போய் விடியும்வரை இருந்தோம். கடைசியாக ஒரு தந்திரம்: விடிந்ததும் எங்களிடமிருந்து முப்பது அடி தள்ளிக் கரையோரமாகத் தவிட்டைத் தூவி ஜிலேபிக் கூட்டத்துக்குத் தனிப் பந்தி வைத்துவிடுவது. அவை அங்கே மும்முரமாக இருக்கும்போது கெண்டைக்கு இங்கே இலை போடலாம்.

இத்தனையும் வேலை செய்தன. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவற்றில் எதுவும் கெண்டையைப் பற்றிய அறிவல்ல. ஜிலேபி எப்போது விழிக்கும், எவ்வளவு வாய் திறக்கும், எங்கே படுக்கும், எதை விடும் என்ற அறிவு. ஒரு காலையில், முழங்கால் ஆழத்தில், ஒரு தாய் மீனைச் சுற்றிக் கொசுக்கூட்டம் போலக் குஞ்சுகள் மொய்ப்பதைப் பார்த்தோம். எங்கள் நிழல் விழுந்தது. குஞ்சுகள் அத்தனையும் தாயின் வாய்க்குள் புகுந்தன. வாயை மூடிக்கொண்டு அது பின்வாங்கியது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் நாட்களில் அந்தத் தாய் ஏறக்குறைய ஒன்றும் தின்னாது. வியந்தோம். வியந்துவிட்டுப் போய், அன்றைக்குக் கிடைத்த ஆறு ஜிலேபிகளையும் கரையில் எறிந்தோம்.

பங்குனி இரண்டாம் வாரத்தில், விடிவதற்குச் சற்று முன், தக்கை துடிக்கவில்லை. சாய்ந்து, வழுக்கிக்கொண்டு போயிற்று. கால்மணி நேரப் போராட்டத்துக்குப் பின் ஒரு ரோகு. வீட்டில் நிறுத்தபோது மூன்றரைக் கிலோ. அப்பாவின் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டினோம். இடக்கையால் அதன் செதிலைத் தடவினார். எங்களையும் தட்டிக் கொடுத்தார். மதியம் குழம்பில் ஒரு துண்டைத் தின்றார், இரண்டாவதைத் தொடவில்லை. இரவு படுக்கப் போகையில் மறுபடியும் சொன்னார்: "கெண்டை."

நாங்கள் கலந்து பேசினோம். ரோகு அல்ல, அவருக்குக் கட்லாதான் வேண்டும் என்று முடிவுக்கு வந்தோம். பிடிக்கும்வரை காத்திருக்க மனமில்லாமல் மதுராந்தகம் சந்தையில் பெரிய கட்லாவாக வாங்கி, தலையைத் தனியே குழம்பு வைத்தோம். அப்பா எங்களுக்காகத் தின்றார். அது எங்களுக்கே தெரிந்தது. தட்டை எடுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. சொல் கிடைக்காமல் கையை விரித்துக் காட்டினார். 'பெரியது' என்கிறார் என்று எண்ணினோம். இன்று யோசித்தால், விரித்தது வெறும் உள்ளங்கையைத்தான்.

வைகாசியில் ஒரு ஞாயிறு, வெயில் ஏறும்வரை ஏரியிலேயே இருந்துவிட்டோம். எப்போதும் கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு வரும் ஆயா அன்று எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். கையில் ஒரு பிரம்புக் கூடை. நாங்கள் எறிந்த மீனைக் குனிந்து எடுத்து, ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"வோணாம்னா தண்ணியில வுடு தம்பி. இல்லாங்காட்டி என் கூடையில போடு. கரையில இன்னாத்துக்கு எறியிற?"

குத்தகைக்காரர் சொன்னதைச் சொன்னோம். அப்பாவுக்குக் கெண்டை வேண்டும் என்பதையும், ஜிலேபி எங்களுக்கு உதவாது என்பதையும் சொன்னோம். அவர் சிரித்தார்.

"ஒங்கப்பாவும் எங்கூட்டுக்காரரும் ஒண்ணாத்தான் தூண்டி போடுவாங்கோ. கட்லா கெடச்சா அன்னிக்கே காசாக்கிடுவாங்கோ. ஆலையில சம்பளம் எங்க ஒழுங்கா வந்திச்சி? ஊட்டுக்குப் போனதெல்லாம் இந்தக் கெண்டதான். ஒங்கம்மா மாங்கா போட்டு ஆக்கும். தெருவே மணக்கும்."

இந்தக் கெண்டை. ஜிலேபியைத்தான் சொன்னார். அதற்கும் கெண்டை இனத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, குடும்பமே வேறு. ஆனால் எங்கள் பக்கத்தில் அதன் முழுப்பெயர் 'ஜிலேபிக் கெண்டை'. அம்மா முதற்பாதியைச் சொல்ல மாட்டார். "இன்னைக்குக் கெண்டைக் குழம்பு" என்பார். மலிவான மீன் என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரிய வேண்டாமென்றுதான் அப்படிச் சொன்னாரோ, அல்லது வெறும் சோம்பலோ. அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். 1983 வறட்சியில் ஏரி வற்றிச் சேற்றுக் குட்டையாகி, மற்ற மீன்கள் செத்து மிதந்தபோதும் ஜிலேபி மட்டும் கலங்கலில் கிடந்தது. அந்தக் கோடை முழுதும் எங்கள் வீட்டில் மீன் இருந்தது. கழியில் கோத்து வந்த அந்தக் கட்லாவின் வால் உரசிய சத்தம் எங்களுக்கு நினைவிருக்கிறது என்று மேலே எழுதினோம். அதன் ருசி எங்கள் இருவருக்குமே நினைவில்லை. ஆயா சொன்னபின் தான் அது ஏன் என்று விளங்கிற்று. அந்த மீன் தெருவைக் கடந்து வேறொரு வீட்டுக்குப் போயிருக்கிறது.

ஆயாவின் கூடையிலிருந்தே நாலு மீனைத் திருப்பிக் கேட்டு வாங்கினோம். கொடுத்தார்.

செதில் சீவி, முதுகு முள்ளை நறுக்கி, மண்சட்டியில் புளிக்குழம்பு வைத்து, இறக்குமுன் மாங்காய்க் கீற்றுகளைப் போட்டோம். அம்மாவின் கைப்பக்குவம் வரவில்லை. உப்புக்கூடச் சற்றுத் தூக்கல். அப்பா இடக்கையால் தின்றார். ஜிலேபியில் முள் குறைவுதான் என்றாலும், எடுத்த ஒவ்வொரு முள்ளையும் பழைய வழக்கப்படி தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தார். நாலு மீனில் மூன்று தீர்ந்தது. நாலாவதைத் தட்டோடு எங்கள் பக்கம் நகர்த்தினார். அன்றிரவு 'கெண்டை' என்று அவர் சொல்லவில்லை.

அவர் கேட்டது அதைத்தானா என்று எங்களுக்கு இன்றும் உறுதியாகத் தெரியாது. முதற்பாதி போய்விட்ட சொல்லுக்கு நாங்கள் போட்ட பொருள் தவறு என்பது மட்டும் தெரியும்.

அதற்குப் பின் ஜிலேபி பிடிப்பதற்கு நாங்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. விலக்குவதற்குக் கற்ற ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டால் போதுமாயிருந்தது. இரவுக்குப் பதில் காலை எட்டு மணி. பள்ளத்துக்குப் பதில் கரையோரம். வேகவைத்த உருண்டைக்குப் பதில், சிறு முள்ளில் ஒரு துண்டு மண்புழு. வாய்க்குள் குஞ்சு வைத்திருக்கும் தாய் இரையைத் தொடாது என்பது அப்போது ஓர் ஆறுதலாக இருந்தது. பதினோரு ஞாயிறுகள் அப்படிப் போயின. எட்டு மீன் கிடைத்தால் நாலு எங்களுக்கு, நாலு ஆயாவின் கூடைக்கு. ஆவணியில் அப்பா போய்விட்டார்.

தூண்டில் கணக்குக்கென்று அந்த ஆண்டு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தோம். தேதி, நேரம், இரை, ஆழம், கெண்டை என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்கு 'மற்றவை' என்று தலைப்பு. அப்பாவின் காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் அதைக் கூட்டிப் பார்த்தோம். தை முதல் அந்த வைகாசி ஞாயிறு வரை, கெண்டை: 1. மற்றவை: 163. அவற்றில் சில கெளுத்திகளைக் கழித்துவிட்டால் மீதி எல்லாம் ஜிலேபி. எல்லாவற்றையும் கரையில் எறிந்திருக்கிறோம். கட்டிலில் அப்பா காத்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் போகிறோம். கெண்டை பிடிக்க விரும்பும் நண்பர்கள் கேட்டால் உருண்டையின் பக்குவத்தையும் முடிச்சையும் தயங்காமல் சொல்லிக் கொடுக்கிறோம். நல்ல முறைதான், பலிக்கும். குத்தகை கைமாறிவிட்டது. புதியவரும் ஜிலேபியை நீரில் திருப்பி விடக்கூடாது என்கிறார். நாங்கள் விடுவதில்லை. கரையில் எறிவதுமில்லை. ஆயாவுக்கு இப்போது கண் மங்கல், ஆடுகளை விற்றுவிட்டார். காலையில் கரைக்கு வந்து, கூடையை எங்கள் அருகே வைத்துவிட்டு, அரசமரத்தடியில் உட்கார்ந்துகொள்கிறார்.